‘நான் பிளாஸ்டிக் இல்லை’ என்று சொன்ன பை

பயோபிளாஸ்டிக் பற்றி ஒரு பதிவு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாலிமர் கெமிஸ்ட்ரி யூனிட் முடியட்டும், செமஸ்டர் முடியட்டும் என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இனிமேலும் தள்ளினால் சித்தப்பா அடிக்க வந்துவிடுவார். ஏன் என்பது கீழே. கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். (எந்தக் கப்பில் என்பதை முழுசாகப் படித்துவிட்டு முடிவு செய்யவும் :-))

வெளியூர் நண்பர்களுக்காகச் சின்ன அறிமுகம். எங்கள் ஊர் திருவண்ணாமலை. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் நடப்பார்கள். கார்த்திகை தீபத்துக்கு வரும் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். நடக்கிறவர்களுக்குத் தண்ணீர், டீ, சுண்டல், பொங்கல், சாம்பார் சாதம் என்று வழி முழுக்க அன்னதானமும் கடைகளும். விடிந்ததும் அந்தப் பாதையைப் பார்க்க வேண்டும். தூய்மைப் பணியாளர்கள் கூட்டிக் கூட்டி மாளாது. பாதை ஓரக் காட்டில் மான்கள் உண்டு, ரோட்டில் மாடுகளும் குரங்குகளும் உண்டு. சாம்பார் வாசனை அடிக்கும் பிளாஸ்டிக் பை அவற்றுக்குச் சாப்பாடுதான்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. தூக்குப் பை, பிளாஸ்டிக் டம்ளர், தெர்மாகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல் மட்டுமில்லை, உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பேப்பர் கப் தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் கப்புக்கான தடை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. நம் ஊர் டீக்கடைகளைப் பார்த்தால் அப்படி ஒரு தீர்ப்பு வந்த மாதிரியே தெரியாது, அது வேறு கதை. தீபத் திருவிழாவில் துணிப்பை கொண்டுவரும் பக்தர்களுக்குக் குலுக்கல் முறையில் தங்கக் காசு, வெள்ளிக் காசுகூட மாவட்ட நிர்வாகம் கொடுத்திருக்கிறது.

இந்தத் தடையில் ஒரு கதவு திறந்திருக்கிறது. மக்கும் பிளாஸ்டிக், அதாவது ‘கம்போஸ்டபிள்’ என்று முத்திரை போட்டு, ஐ.எஸ். 17088 தரத்துக்கு உட்பட்ட பைகளுக்கு விலக்கு உண்டு. பயோபிளாஸ்டிக் எங்கள் ஊருக்குள் வந்தது அந்தக் கதவு வழியாகத்தான். கூடவே வேறு சிலதும் வந்துவிட்டது.

என் சித்தப்பாவுக்கு எம லிங்கத்தைத் தாண்டி ஒரு சின்னக் கடை. டீ, பஜ்ஜி, பௌர்ணமி அன்று தக்காளி சாதம் பார்சல். ஒருநாள் பைக்கில் வந்த ஒருவர் சோள மாவில் செய்த பை என்று ஒரு மூட்டை கொடுத்துவிட்டுப் போனார். பச்சை நிறத்தில் இலை படம், அதன் மேல் ‘நான் பிளாஸ்டிக் இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுத்து. சாதாரணப் பையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. “பணம் போனா போவுது பாப்பா, மாடு தின்னாலும் ஒண்ணும் ஆவாதாம்” என்று சித்தப்பாவுக்கு ரொம்பப் பெருமை. அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாள் சோதனைக்கு வந்தவர்கள் மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். கையில் அபராத ரசீது. பைக்காரரின் போன் அன்றிலிருந்து சுவிட்ச் ஆஃப்.

“நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிற, இது பிளாஸ்டிக்கா இல்லையான்னு சொல்லு” என்று சித்தப்பா மிச்சமிருந்த நாலு பையை என்னிடம் கொடுத்தார். இந்தப் பதிவின் பிறப்பு அப்படித்தான்.

கெமிஸ்ட்ரி பகுதிக்கு வருவோம். (ஆர்ட்ஸ் மக்கள் ஓடிவிடாதீர்கள், இரண்டே பத்திதான்.) பயோபிளாஸ்டிக் என்ற ஒரே பெயரில் இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. எதிலிருந்து செய்தது என்பது ஒன்று, கடைசியில் மக்குமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. பிரேசிலில் பிராஸ்கெம் என்ற நிறுவனம் 2010 முதல் கரும்பு எத்தனாலிலிருந்து பாலித்தீன் செய்கிறது. அது கரும்பிலிருந்து வந்தது உண்மை. ஆனால் அச்சு அசல் பாலித்தீன், எத்தனை வருஷம் ஆனாலும் மக்காது. இன்னொரு பக்கம் பி.பி.ஏ.டி. என்று ஒரு பாலிமர், பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆனால் சரியான சூழலில் மக்கிவிடும். கரும்புச் சாற்றிலிருந்து வெல்லமும் வரும், சாராயமும் வரும். மூலப்பொருளைப் பார்த்து முடிவைச் சொல்ல முடியாது.

அதிகம் பேசப்படுவது பி.எல்.ஏ., பாலி லாக்டிக் ஆசிட். லாக்டிக் ஆசிட் வேறு ஒன்றுமில்லை, தயிரின் புளிப்பு. சோளத்தின் அல்லது கரும்பின் சர்க்கரையை நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்கவைத்து, கிடைக்கும் லாக்டிக் ஆசிட் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோர்த்தால் பி.எல்.ஏ. இந்தச் சங்கிலியின் கண்ணிகள் எஸ்டர் பிணைப்புகள். தண்ணீரும் நல்ல சூடும் சேர்ந்தால் அவை அறுபடும், துண்டானதை நுண்ணுயிர்கள் தின்னும். பாலித்தீனில் கார்பனோடு கார்பன் கைகோர்த்த சங்கிலி, அறுக்க வழியில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த ‘நல்ல சூடு’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா கொடுத்த பைக்கு வருகிறேன். சோள மாவுப் பை என்று விற்கப்படுபவை பெரும்பாலும் பி.பி.ஏ.டி., பி.எல்.ஏ., கொஞ்சம் மாவு சேர்ந்த கலவை. இந்த இரண்டு பாலிமரும் குளோரோஃபார்மில் கரையும். பாலித்தீன் அறை வெப்பநிலையில் கரையாது. எங்கள் மேடத்திடம் அனுமதி வாங்கி, ஃபியூம் ஹூடுக்குள் வைத்துப் பையின் ஒரு துண்டை ஒரு டெஸ்ட் டியூபில் போட்டேன். சான்றிதழ் எண் அச்சிட்ட ஒரு நிஜமான கம்போஸ்டபிள் பையைத் தோழி ஒருத்தி கொண்டுவந்திருந்தாள். அது இன்னொரு டியூபில். தோழியின் பை கொஞ்ச நேரத்தில் கலங்கிய கஞ்சித் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. சித்தப்பாவின் பை மறுநாள் காலையிலும் முழுசாக, இலைப் படத்தின் சாயம் மட்டும் போய், பளபளவென்று மிதந்துகொண்டிருந்தது. (ஒரு எச்சரிக்கை: கரைந்துவிட்டால் மக்கும் என்று அர்த்தமில்லை, தெர்மாகோல்கூடத்தான் குளோரோஃபார்மில் கரையும். வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.)

கடைக்காரர்களுக்குக் குளோரோஃபார்ம் தேவையில்லை. மக்கும் பை தயாரிப்பவரோ விற்பவரோ மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். தயாரிப்பாளர் பெயரும் சான்றிதழ் எண்ணும் ‘கம்போஸ்டபிள்’ என்ற சொல்லும் பையிலேயே இருக்க வேண்டும். வெறும் இலைப் படத்தை நம்பி வாங்காதீர்கள். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, “அதை அந்த ஆளு வர்றதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்” என்றார். நியாயம்தான்.

இதுவரை சொன்னது போலியின் கதை. என்னை அதிகம் யோசிக்கவைத்தது போலி இல்லை, அசல். தோழி கொண்டுவந்த, சான்றிதழ் உள்ள அந்தப் பையையே சித்தப்பா வாங்கியிருந்தால் கிரிவலப் பாதைக்கு என்ன லாபம்?

‘கம்போஸ்டபிள்’ என்ற சொல்லுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தத் தரத்தின் சோதனை சுமார் 58 டிகிரி செல்சியஸில் நடக்கும் உரமாக்கலில் செய்யப்படுவது. 12 வாரத்தில் துண்டு துண்டாகச் சிதைய வேண்டும், 180 நாளுக்குள் 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக மாறியிருக்க வேண்டும். 58 டிகிரி! எங்கள் ஊர் அக்னி நட்சத்திர வெயில்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. அந்தச் சூடு ஈரக் குப்பையைப் பெரிதாகக் குவித்து, புரட்டிப் புரட்டி நடத்தும் உரக் கிடங்கில்தான் கிடைக்கும். ரோட்டோரத்திலோ ஏரிக்கரையிலோ மலையடிவாரப் புதரிலோ விழுந்த பி.எல்.ஏ. கப், அந்த வருஷ தீபத்தையும் பார்க்கும், அடுத்த வருஷ தீபத்தையும் பார்க்கும்.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் இமோஜன் நாப்பர், ரிச்சர்ட் தாம்ப்சன் என்ற இருவர் இதைச் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். பல வகைப் பைகளை மண்ணில் புதைத்தும் கடலில் தொங்கவிட்டும் மூன்று வருஷம் பார்த்தார்கள். கம்போஸ்டபிள் பை கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போனது. ஆனால் மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது, எடை தாங்கும் தெம்புதான் போயிருந்தது. ‘பயோடிகிரேடபிள்’ என்று எழுதிய இன்னொரு பை மூன்று வருஷம் மண்ணில் கிடந்த பிறகும் கடைச் சாமானைத் தூக்கும் அளவுக்கு உறுதியாக இருந்ததாம்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பி.எல்.ஏ. சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். உரக் கிடங்குக்கு வசதியான அதே குணம் டீக்கடைக்குப் பெரிய இம்சை. சாதாரண பி.எல்.ஏ. கப்பில் நம் ஊர் கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றினால் கப் குழைந்துவிடும். பேப்பர் கப்புக்கே திரும்பலாம் என்றால், அதன் உள்பூச்சு பற்றி ஐ.ஐ.டி. கரக்பூரில் 2020-இல் வெளியான ஆய்வு இருக்கிறது. 85-90 டிகிரி சூட்டில் 100 மில்லி திரவம் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 மைக்ரான் அளவுத் துகள்கள் அதில் கலக்கின்றன என்று கண்டார்கள்.

எங்கள் தெருவில் குப்பை வாங்கும் அக்காவிடம் கேட்டேன், மக்கும் பையில் கட்டிக் கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்று. “எது மக்குற பை, எது மக்காத பைன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? பை மாதிரி இருந்தா தனியா எடுத்துப் போட்டுருவோம்.” இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. மக்குவதற்கென்றே அதிக விலை கொடுத்துச் செய்த பை, மக்கும் இடத்துக்குப் போகாமல் பாலித்தீனோடு போகிறது. பி.எல்.ஏ. பாட்டில் என்றால் இன்னும் மோசம். பார்க்க பெட் பாட்டில் மாதிரியே இருக்கும், காயலான் கடையில் அதோடு கலந்தால் மறுசுழற்சிக்குப் போகும் பெட்டையும் கெடுக்கும்.

குப்பை எங்கே போகிறது என்பது எங்கள் ஊரில் சின்னக் கேள்வி இல்லை. ஈசான்ய லிங்கம் பக்கம் நகரத்தின் குப்பை மலையாகக் குவிந்த காலம் உண்டு. அண்ணாமலையாரைச் சுற்ற வந்தவர்கள் அந்த இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். பிறகு புனல்காடு கிராமத்தில் குப்பைக் கிடங்கு வருகிறது என்றதும் 2023-இல் அந்த ஊர் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் இறங்கியிருப்பேன். பிரிக்காமல் கொட்டும் குப்பையில் எத்தனை ‘மக்கும்’ பை இருந்தால்தான் என்ன, புனல்காட்டுக்காரர்களுக்கு அதுவும் குப்பைதான்.

திருப்பதியைப் பாருங்களேன் என்பீர்கள். பார்த்தேன். 2021 ஆகஸ்டில் திருமலையில் லட்டு போட்டுக் கொடுக்க, பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய மக்கும் பைகளுக்கு விற்பனைக் கவுன்ட்டர் திறந்தார்கள். 90 நாளில் மக்கும், மாடு தின்றாலும் பாதகமில்லை என்று சொன்னார்கள். நல்ல முயற்சி, மறுக்கவில்லை. ஆனால் லட்டுப் பை திருமலையிலேயே தங்குவதில்லை. அது பஸ் ஏறிச் சென்னைக்கும் வேலூருக்கும் எங்கள் ஊருக்கும் வருகிறது. லட்டு பங்கு போட்டு முடிந்ததும் அந்தந்த ஊர்க் குப்பைத் தொட்டியில் விழுகிறது. எல்லா ஊரிலும் உரக் கிடங்கும் பிரித்தெடுக்கும் பழக்கமும் இருந்தால்தான் அந்த 90 நாளுக்கு அர்த்தம்.

பயோபிளாஸ்டிக் ஒழுங்காக வேலை செய்த ஓர் இடம் இத்தாலியின் மிலான் நகரம். இத்தாலி 2011-லேயே மக்காத தூக்குப் பைகளுக்குத் தடை போட்டது. மிலானில் 2012-இல் தொடங்கி 2014-க்குள் ஊர் முழுக்க வீட்டுச் சமையல் கழிவைத் தனியாக வாங்க ஆரம்பித்தார்கள். கடையில் காய்கறி வாங்கிவந்த அதே மக்கும் பை, வீட்டில் ஈரக் குப்பைப் பையாக மாறி, கழிவோடு சேர்ந்து உர ஆலைக்குப் போகிறது. பைக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது: கையில் நாறாமல் ஈரக் குப்பையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. போகிற இடமும் தெரியும். முதலில் வண்டியும் கிடங்கும், அதற்கேற்ற பை. நாம் பையை மட்டும் வாங்கிவிட்டு வண்டிக்காகக் காத்திருக்கிறோம்.

அதற்குள் கிரிவலப் பாதையில் சாப்பாட்டை எதில் கொடுப்பது? இதற்குப் பதில் சொல்ல லேப் தேவையில்லை. வாழை இலை, மந்தாரை இலை, தையல் இலை, தொன்னை, பாக்கு மட்டைத் தட்டு. 58 டிகிரி வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், மாடு தின்றால் அது மாட்டுக்குத் தீவனம். ரமணாசிரமத்தில் இலையில்தான் சாப்பாடு. ரமண மகரிஷியே இலை தைப்பதில் கைதேர்ந்தவர் என்று அவரோடு இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பயோபிளாஸ்டிக் செய்ய இத்தனை நாடுகள் மெனக்கெடுவது இலை மாதிரி ஒன்றைச் செய்யத்தானே! இலையில் ரசம் ஓடும், பார்சல் கட்டுவது கஷ்டம், பௌர்ணமிக் கூட்டத்துக்குப் போதாது என்று சித்தப்பா மூன்று புகார் சொல்கிறார். மூன்றும் உண்மை. சுண்டலுக்குத் தொன்னையும் டீக்குக் கண்ணாடி டம்ளரும் என்று மாறிவிட்டார். பௌர்ணமிக்கு டம்ளர் கழுவ மட்டும் தனியாக ஓர் ஆள் சம்பளத்துக்கு. பார்சலை நிறுத்திவிட்டார், அதில் வருமானம் குறைந்திருக்கிறது. அந்த இழப்பை யாரும் ஈடுகட்டப் போவதில்லை.

பொருளாதாரக் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். உலகம் ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் செய்கிறது. பயோபிளாஸ்டிக் ஆலைகளின் மொத்தத் திறன் 2024 கணக்குப்படி சுமார் 25 லட்சம் டன். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நம் நாட்டிலும் ஆரம்பித்துவிட்டார்கள். உத்தரப் பிரதேசத்தில் கும்பி என்ற இடத்தில் பல்ராம்பூர் சீனி மில்ஸ், ஆண்டுக்கு 80,000 டன் பி.எல்.ஏ. செய்யும் ஆலைக்கு 2025-இல் அடிக்கல் நாட்டியது. கரும்பு விவசாயிக்கு இன்னொரு சந்தை என்பது நல்ல செய்தி. எங்கள் மாவட்டத்திலும் கரும்பு உண்டு, செய்யாறில் கூட்டுறவு சர்க்கரை ஆலை உண்டு. சேலம் பக்கம் போனால் மரவள்ளி மாவு மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஆனால் ஒரு கிலோ பி.எல்.ஏ.வுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ சர்க்கரை வேண்டும். அந்தச் சர்க்கரைக்குக் கரும்பு, கரும்புக்குத் தண்ணீர். போர்வெல் எத்தனை அடியில் ஓடுகிறது என்று எங்கள் பக்கத்து விவசாயியைக் கேட்டால் பெருமூச்சு விடுவார். அவ்வளவு தண்ணீரைக் குடித்து வந்த ஒரு பொருளை, ஐந்து நிமிட டீக்குப் பிறகு புதருக்குள் எறிவதற்காகச் செய்ய வேண்டுமா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

அப்படியானால் பயோபிளாஸ்டிக்கே வேண்டாமா என்று கேட்காதீர்கள். பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்கவே முடியாத இடங்கள் சில இருக்கின்றன. அங்கே இது தேவைப்படுகிறது. ஆபரேஷனில் உள்ளே போடும் கரையும் தையல் நூல் இந்தக் குடும்பத்துப் பாலிமர்தான், அதைப் பிரித்தெடுக்க இரண்டாவது ஆபரேஷன் வேண்டாம். எங்கள் மாவட்டத்துக்கு அதைவிட நெருக்கமான உதாரணம் மல்ச்சிங் ஷீட். களை வராமல், ஈரம் காயாமல் இருக்கச் செடிகளைச் சுற்றி நிலத்தில் விரிக்கும் மெல்லிய பாலித்தீன். தாளைவிட மெலிசு. அறுவடை முடிந்து உருவினால் கிழிந்து கிழிந்து மண்ணோடு கலந்துவிடும். அடுத்த உழவில் ஏர் அதை இன்னும் பொடியாக்கும். தக்காளி போட்ட எங்கள் மாமாவின் கொல்லையில் மழை பெய்து ஓய்ந்தால் கறுப்புத் துண்டுகள் மண்ணுக்கு மேலே பல்லை இளிக்கும். பொறுக்குகிற கூலிக்குப் புது ஷீட்டே வாங்கிவிடலாம் என்பார்.

மண்ணிலேயே மக்கும் மல்ச்சிங் ஷீட்டுக்கென்று ஐரோப்பாவில் 2018-இல் தனித் தரம் கொண்டுவந்திருக்கிறார்கள். அதன்படி உரக் கிடங்குச் சூடு இல்லாமல், சாதாரண மண்ணில் இரண்டு வருஷத்துக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும். பி.எல்.ஏ. தனியாக இதில் தேறாது. பி.பி.ஏ.டி.யும் மாவும் சேர்ந்த கலவை, அல்லது பி.எச்.ஏ. வகை வேண்டும். பி.எச்.ஏ. சுவாரசியமான ஆசாமி. பாக்டீரியாக்கள் பஞ்ச காலத்துக்காக உடம்பில் சேர்த்து வைக்கும் கொழுப்பு மாதிரியான சரக்கு அது. 1926-லேயே பாரிஸில் லெமுவான் என்பவர் அதன் ஒரு வகையைக் கண்டுபிடித்துவிட்டார். விலைதான் இன்னும் இறங்க மாட்டேன் என்கிறது.

நாற்றுப் பையும் இதே கதைதான். மலையடிவாரத்தில் மரக்கன்று நடும்போது கறுப்பு பாலித்தீன் பையைக் கிழித்து அங்கேயே போட்டுவிட்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன். தமிழக அரசின் 2018 ஆணையில் நாற்றங்கால் பைகளுக்கும் விலக்கு உண்டு. கோடிக்கணக்கில் மரம் நட பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-இல் தொடங்கியபோது, அத்தனை கன்றுக்கும் எத்தனை பை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மானியம் கொடுப்பதாக இருந்தால் பச்சை இலைப் படம் போட்ட தூக்குப் பைக்குக் கொடுக்க வேண்டாம், இந்த நாற்றுப் பைக்கும் மல்ச்சிங் ஷீட்டுக்கும் கொடுக்கட்டும். மாமாவிடம் மக்கும் ஷீட் ஒரு ரோல் வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “விலை எவ்ளோ?” என்றார். சொன்னேன். “அரசாங்கம் பாதி குடுக்குதா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப உங்க சித்தப்பா வாங்குன அந்தப் பைக்காரன் நம்பரைக் குடு, அவன் சகாயமா தருவான்” என்று சிரித்துவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்.